பழைய பேசும்படச் சுருளை மீட்டுத் திரும்பத் திரையிடும் முறை

பம்மல் சம்பந்த முதலியாரின் மேடை நகைச்சுவையான ‘சபாபதி’, ஏ.வி.மெய்யப்பனின் தயாரிப்பில் 1941 இல் பேசும்படமாக வந்தது. அந்தக் காலத்துப் படச்சுருள் ஏதேனும் வன்னியில் ஒரு பழைய படமாளிகையின் களஞ்சியத்திலோ வீட்டுப் பரணிலோ அகப்பட்டால், அதை ஓட்டிப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்கிக்கொள்ளுங்கள்.

1950களின் தொடக்கம் வரை 35 மில்லிமீற்றர் படங்கள் பெரும்பாலும் நைத்திரேற்றுச் சுருளிலேயே அச்சிடப்பட்டன. அது எரியும்போது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளிவிடுவதால் தண்ணீருக்குள்ளும் அணையாது. தகரப் பெட்டியை வெளியில், நிழலில், நெருப்பில்லாத இடத்தில் திறவுங்கள். சுருள் தேன்போலக் கசிந்தாலோ கபிலத் தூளாக உதிர்ந்தாலோ கைவைக்காமல் தீயணைப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள். வினாகிரி மணம் வந்தால் அது பிற்காலத்து அசற்றேற்றுப் பிரதி. தீ அச்சம் குறைவு, ஆனால் சுருங்கிக்கொண்டே போகும். சோளகத்துப் புழுதியும் மாரிகாலத்து ஈரமும் தகரக்கூரைச் சூடும் இரண்டுக்குமே பகை. நைத்திரேற்றை விமானத்தில் சாதாரணப் பொதியாக அனுப்ப முடியாது. ஸ்கேன் செய்யும் கூடத்துடன் முன்கூட்டியே பேசுங்கள்.

படத்தைவிட ஒலியில்தான் அதிகம் கெடுத்துவிடுகிறார்கள். ‘சபாபதி’யில் எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், காளி என். ரத்தினத்தின் வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்து வைப்பதில்தான் சிரிப்பு. ஒலித்தடத்தின் இரைச்சலை மென்பொருளால் அளவுக்கு மீறித் துடைத்தால் மேல்சுரத்தில் வாழும் ‘ச’ ஒலியும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு துடைப்புக்குப் பின்னும் ‘சபாபதி’ என்ற அந்தப் பெயரைக் காதணிகேட்பியில் கேட்டுப் பாருங்கள். மங்கினால் இரைச்சலையே விட்டுவிடுங்கள். அதேபோல, வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் 12 பிரேம் அறுந்தாலும் அரை வினாடி மௌனம் போய்விடும். மேடை நடிகர் சபை சிரித்து முடிக்க விட்ட இடைவெளி அது. இன்னொரு பிரதியில் தேடுங்கள்; கிடைக்காவிட்டால் வெட்டி ஒட்டாமல் அதே அளவு கறுப்புப் பிரேம் வையுங்கள்.

படத்தின் உரிமை வேறு, நாடகத்தின் உரிமை வேறு. முதலியார் 1964 இல் மறைந்தார். இலங்கைச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் காப்பளிக்கிறது. ஆகவே இரு தரப்பின் அனுமதியையும் எழுத்தில் பெறுங்கள்.

சனசமூக நிலையத்தில் திரையிடும்போது படத்தை அகலத்திரைக்கு இழுக்காமல், பக்கங்களைக் கறுப்பாகவே விடுங்கள். ஒலிபெருக்கியைத் திரையின் நடுவில், முன்வரிசை முதியவர்களின் காதுமட்டத்தில் வையுங்கள்.