ஓய்வுக்குப் பின் சட்ட உதவிப் பணி: பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம்

ஓய்வு பெற்ற ஆசிரியரோ அரசு ஊழியரோ சட்ட உதவிப் பணி செய்ய விரும்பினால், தனியார் சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டாமல், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ ‘சட்டம் சார்ந்த தன்னார்வலர்’ பணிக்கு எப்போது ஆள் எடுப்பார்கள் என்று விசாரியுங்கள். தேர்வானவர்களுக்கு ஆணைக்குழுவே இலவசமாகப் பயிற்சி தருகிறது.

2009-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த தன்னார்வலர் திட்டத்திலேயே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், மூத்த குடிமக்கள் ஆகியோரின் பெயர் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘சமூக சேவையில் ஆர்வம் உண்டு’ என்று மட்டும் எழுதுவதுதான் வழக்கமான தவறு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று கைப்பழக்கமான வேலைகளைக் குறிப்பிடுங்கள். மனு எழுதித் தருவதும், தகுதியானவரை இலவச வழக்கறிஞரிடம் சேர்ப்பதும்தான் அங்கே அன்றாட வேலை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இந்த இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது என்பதைப் பலர் அறியாமல் அலைகிறார்கள்.

மாத வருமானம் தேவைப்படுபவர்களுக்கு இது சரிவராது. பணி ஒதுக்கிய நாளுக்கு மட்டுமே மதிப்பூதியம், அதுவும் சொற்பம். நீதிமன்றத்தில் வாதாடவும் முடியாது.