யாகுசா காதல் மாங்கா: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. அதன் அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு ஆண், பக்கத்தில் பூப்போட்ட கிமோனோவில் ஒரு பெண். காதல் கதைதானே என்று பள்ளியில் படிக்கும் தங்கைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஜப்பானின் குற்றக் கும்பல்களான யாகுசாவைச் சுற்றிய ஒரே கதைக்களம் பதின்வயதுப் பெண்களுக்கான ஷோஜோ இதழ்களிலும் வரும், பெரியவர்களுக்கான ஜோசெய், செய்னென் இதழ்களிலும் வரும். வன்முறையின் அளவு மூன்றிலும் ஒன்றல்ல. பின்னட்டையில் போட்டிருக்கும் வயதுக் குறிப்பை முதலில் பாருங்கள்.

வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்ததே. இரண்டு அத்தியாயங்களில் கண் பழகிவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை. நானும் முதல் சில தொகுதிகளில் அதைத் தாண்டித்தான் போனேன். குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு கட்டத்தில் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அது நெருக்கமா, மிரட்டலா? அந்த அத்தியாயமே அதில்தான் நிற்கும். பல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் எல்லாமே ஒரே 'யூ' ஆகிவிடுவதால் இது தட்டுப்படாது. 'நீங்க' 'நீ' ஆகும் நொடி என்ன செய்யும் என்று தமிழில் வளர்ந்த நமக்குச் சொல்லித்தர வேண்டாம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்புறம், சடங்குகளை வெறும் அலங்காரமாக நினைப்பது. யாகுசாவில் சேர்பவன் தலைவரோடு சகாஸுகி என்ற சிறு கிண்ணத்தில் சாக்கே என்ற அரிசி மது குடிக்கிறான். அன்றிலிருந்து தலைவர் 'ஓயாபுன்', தகப்பன் இடம். சேர்ந்தவன் 'கோபுன்', பிள்ளை இடம். ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோ முறைத் திருமணத்திலும் மணமக்கள் இதே சகாஸுகியில்தான் மும்மூன்று மிடறாகப் பகிர்ந்து குடிக்கிறார்கள். ஆக, கதாநாயகன் மணமேடைக்கு வரும் முன்பே வேறொரு கிண்ணத்துக்குக் கட்டுப்பட்டவன். இந்த வகைக் கதைகளின் வலியில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. முதுகு நிறையக் குத்திய பச்சையும் அப்படித்தான். பெரும்பாலும் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் உள்ளே அடங்கி, சட்டை போட்டால் மறைந்துவிடும். அவன் சட்டையைக் கழற்றும் காட்சியை அழகுக்காக மட்டும் வரைந்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அவன் யாரென்று அவளுக்குத் தெரிகிற இடம் அது.

கதையில் வரும் பணமும் பகட்டும் இன்றைய ஜப்பான் என்று நம்புவது இன்னொரு தவறு. 1960களில் யாகுசாவில் 1,80,000 பேருக்கு மேல் இருந்ததாகக் காவல்துறைக் கணக்கு சொல்கிறது. 2024 இறுதியில் அது 20,000க்கும் கீழே. யாகுசாவைக் கட்டுப்படுத்த 1992இல் நடைமுறைக்கு வந்த சட்டமும், அவர்களோடு தொழில் வைத்துக்கொள்வதைத் தடுக்க 2011க்குள் எல்லா மாகாணங்களிலும் வந்த விதிகளும் அவர்களை நெருக்கிவிட்டன. உறுப்பினர் என்றால் வங்கிக் கணக்கு திறக்க முடியாது, வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம். விலகினாலும் ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்கு இதே கதிதான். அவனைக் கட்டிக்கொள்பவள் இதையும் சேர்த்தே ஏற்க வேண்டும். குற்ற உலகத்துக்கு வெளியே வாழும் சாதாரண மனிதரை அவர்கள் 'கதாகி' என்பார்கள். அந்தச் சொல் வரும் இடங்களில் நின்று படியுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, அவன் அவளைக் கண்காணிப்பதையும் அடைத்து வைப்பதையும் ஆழமான காதல் என்று எடுத்துக்கொள்வது. நல்ல மாங்கா ஓவியர் அவளுடைய பயத்தை ஒளிக்கமாட்டார். வசனமே இல்லாத ஒரு கட்டத்தில், கதவுப் பிடியில் நின்றுவிட்ட அவள் கையை மட்டும் வரைந்திருப்பார். பேச்சுக் குமிழ்களை மட்டும் படித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் அந்தக் கையைப் பார்ப்பதே இல்லை. அடுத்த முறை ஒரு அத்தியாயம் முடிந்ததும் திரும்பிப் போய், அவள் தனியாக இருக்கும் கட்டங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள்.