ஒரே பக்கத்தில் ஆறு பேர்: வகுப்பில் கூட்டாக எழுதவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் டொக்ஸில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இணைப்பை மாணவர்களுக்கு அனுப்பி, "எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள்" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. திருகோணமலையில் தரம் 10 மாணவர்களுக்குக் கிண்ணியாப் பாலம் பற்றிக் கட்டுரை கொடுத்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவில் நால்வர் ஒரே முதல் வரியை எழுதினார்கள்: 2009இல் திறக்கப்பட்டது, 396 மீற்றர் நீளம். மற்ற இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். யாருடைய வரியை வைப்பது என்ற வாக்குவாதத்திலேயே பாதிப் பாடவேளை போய்விட்டது.

இப்போதெல்லாம் முதல் பத்து நிமிடம் எவரும் விசைப்பலகையைத் தொடுவதில்லை. பேசுகிறோம். யாருக்கு எந்தப் பத்தி என்று முடிவானதும் உபதலைப்புகளை இட்டு, ஒவ்வொன்றின் கீழும் எழுதப்போகிறவரின் பெயரைப் போடுகிறோம். மெதுவாகத் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கும் அப்போதுதான் ஓர் இடம் கிடைக்கிறது.

அடுத்தவர் எழுதியதைக் கேட்காமல் அழிக்க விடுவது அதைவிடப் பெரிய தவறு. கிண்ணியாவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "பாதையில் ஏறுவதற்குக் காத்திருந்தபோது வாங்கித் தின்ற கச்சானின் சூடு உம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது" என்று எழுதியிருந்தாள். பாலம் வருமுன் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச்சென்ற மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அதை அறியாத ஒரு மாணவன், வீதியில் எப்படி ஏறுவது, இது பிழை என்று முழு வரியையும் நீக்கிவிட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவளோ ஒன்றும் சொல்லவில்லை. அன்று அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தக் கட்டுரையிலேயே உயிருள்ள வரி அதுதான்.

ஆவணத்தின் முந்தைய வடிவங்களைக் காட்டும் பதிப்பு வரலாற்றைத் திறந்து அந்த வரியை மீட்டேன். ஆனால் மீட்க முடிகிறது என்பதற்காக அழிக்கலாம் என்றாகிவிடாது. பிறர் பத்தியைத் தொடுவதானால் மாற்றம் உடனே நிகழாமல் முன்மொழிவாக மட்டும் நிற்கும் பரிந்துரை முறையில் தொடவேண்டும், அல்லது ஓரத்தில் கருத்து இடவேண்டும் என்று விதி வைத்தேன். "பாதை என்றால் என்ன?" என்று அவன் ஓரத்தில் கேட்டிருந்தால், அவள் இன்னும் நான்கு வரி எழுதியிருப்பாள்.

யார் எதை மாற்றினார் என்று அந்த வரலாறு காட்டுவதற்கு, ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். கணினிகள் குறைவு என்பதால் ஒரே கணக்கை எல்லோருக்கும் கொடுத்தால் எல்லா மாற்றமும் ஒரே பெயரில் பதிவாகும். கணக்கில்லாமல் இணைப்பு வழியாக வருபவர்களுக்கோ பெயரே இராது. ஈதர்பேட் போன்ற கருவிகளில் கணக்குத் தேவையில்லை; பெயரை எழுதி ஒரு நிறத்தைத் தெரிவுசெய்தால் போதும், அவரவர் எழுத்து அந்த நிறத்தில் தெரியும். ஆனால் அந்த நிறத்தின் அளவைப் பார்த்துப் புள்ளி போட்டுவிடாதீர்கள். நல்ல யோசனையை வாயால் சொன்ன பிள்ளைக்கு அங்கே நிறமில்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே புகுந்து ணகர னகரத்தையும் ரகர றகரத்தையும் திருத்துகிறோம். என் பெயர் தாங்கிய கர்சர் ஒரு பத்தியின் அருகே வந்து நின்றதும் அங்கே எழுத்து நின்றுபோவதை என் கண்ணால் பார்த்தேன். குறிப்பேட்டில் எழுதும் பிள்ளையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, சிவப்புப் பேனாவால் சொல்லுக்குச் சொல் கோடிழுப்போமா? முதல் வரைவு முடியும்வரை நான் பக்கத்தை மூடியே வைக்கிறேன். பிறகும் திருத்துவதில்லை, கருத்து மட்டும் இடுகிறேன்.

சிறிய விடயங்கள் இரண்டு. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததைக் கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும்; தொடக்கத்திலேயே எல்லோரும் யூனிகோடில் எழுதவேண்டும். பாடம் முடிந்ததும் இணைப்பைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

ஆறு பத்திகளும் நிரம்பிவிட்டால் கட்டுரை முடிந்தது என்று நினைப்பது கடைசித் தவறு. ஆறு குரல்கள் அடுக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஒருவர் முழுவதையும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் திரையைப் பாராமல் கேட்கவேண்டும். பாலம் 396 மீற்றர் என்பது மூன்று இடத்தில் வருகிறது என்று காதுதான் கண்டுபிடித்தது. அதில் இரண்டை எடுத்துவிட்டு, கச்சான் வரியைக் கட்டுரையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோகலாம் என்று சொன்னவன், அதை அழித்த அந்த மாணவன்தான்.