மூடிய பள்ளிக்கூடத்துக்கு வரலாறு எழுதப் போகிறீர்களா?

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி மூடப்பட்டால் ஊரில் பெரிதாகச் சத்தம் எதுவும் எழாது. ஜூனில் புதுப் பிள்ளை சேரவில்லை, மிச்சமிருந்தவர்களைப் பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள், டீச்சரைப் பணி நிரவலில், அதாவது உபரி என்று கணக்கிட்டு வேறு பள்ளிக்கு, அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடம் கழித்து அங்கே படித்த யாராவது ஒருவர் ‘நம்ம ஸ்கூலைப் பத்தி எழுதி வைக்கணும்’ என்று கிளம்புவார். என் சர்வீஸ் முழுவதும் குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்து ஈராசிரியர் பள்ளிகளில் கழிந்தது. அதில் ஒரு பள்ளி இப்போது இல்லை. அதன் வரலாற்றை ரிட்டையர் ஆன பிறகு நான் எழுதினேன். எழுதக் கிளம்புகிறவர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எடுத்தவுடன் ஊர்ப் பெரியவர்களிடம் போகாதீர்கள். முதலில் பிள்ளைகள் சேர்ந்ததையும் நீங்கியதையும் எழுதும் சேர்க்கை நீக்கப் பதிவேட்டைத் தேடுங்கள். அது நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டிய பதிவேடு. பள்ளி மூடினாலும் அது எந்தப் பள்ளியோடு இணைத்தார்களோ அங்கே இருக்கும், இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) அலுவலகத்தில் இருக்கும். படித்தவர்கள் ரெக்கார்டு ஷீட் (படித்ததற்கான சான்று) கேட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் இதை மட்டும் தூக்கிப் போட மாட்டார்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்குக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள், கொடுக்கவும் கூடாது.

நான் பார்த்தது காலிகோ துணி ஒட்டிய நீளமான புத்தகம். ஓரமெல்லாம் செல்லரித்து, 1970களின் பக்கங்களில் நீல மை பழுப்பாகிப் போயிருந்தது. பிறந்த தேதிப் பத்தியில் பாதிப் பிள்ளைகள் மே, ஜூனில் பிறந்திருக்கிறார்கள். காரணம் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். அதனால் பிறந்த தேதியை நம்பி எதையும் கணக்குப் போடாதீர்கள். சேர்ந்த தேதியை நம்பலாம்.

அப்பாவின் தொழில் என்ற பத்தியை ஒரு பேப்பரில் வருடவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். கூலி, பயிர், நெசவு, பீடி என்று போய்க்கொண்டே இருக்கும். ஊர் எதை நம்பிப் பிழைத்தது, எப்போது அது மாறியது என்பது அதிலேயே தெரியும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கமென்றால் தோல் ஷாப்பு வரும். குடியாத்தம் பக்கமென்றால் லுங்கி நெசவும் தீப்பெட்டியும் வரும்.

அதைவிட முக்கியமானது கடைசிப் பத்தி, நீங்கிய காரணம். ‘5ஆம் வகுப்புத் தேர்ச்சி’ என்று இருந்தால் சரி. ‘நீண்ட நாள் வராமை’ என்று சிவப்பு மையில் இருந்தால் அந்த வரியில் நில்லுங்கள். அது பெண் பெயரா, எந்த வகுப்பில், எந்த மாதத்தில் என்று பாருங்கள். அப்படி நின்றுபோன ஒரு பெண்ணை, இப்போது பாட்டி, தேடிப் போனேன். “குந்துங்க டீச்சர்” என்று பாயை விரித்துவிட்டு, “மூணாவது வரைக்கும்தான். அப்புறம் தீப்பெட்டி ஒட்டப் போயிட்டேன். தம்பி படிச்சான் இல்ல, அது போதும்” என்றார். அவர் சொன்ன தம்பி அதே பக்கத்தில் நான்கு வரி கீழே இருக்கிறான், தேர்ச்சி என்று.

வருடத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணி ஒரு கோடு வரையுங்கள். பள்ளி எதனால் மூடியது என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடைசி ஹெச்.எம். சரியில்லை என்பது எல்லா ஊரிலும் கிடைக்கும் பதில். நீங்கள் வரைந்த கோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் அவர் வருவதற்குப் பல வருடம் முன்பே இறக்கம் தொடங்கியிருக்கும். பிறப்பு குறைந்தது ஒன்று. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போனது ஒன்று. மெட்ரிக் பள்ளி வேன் ஊருக்குள் வரத் தொடங்கிய வருடம் ஒன்று. அதை அந்த வீட்டுத் தாய்மார்களே சரியாகச் சொல்வார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு அரசே கட்டணம் கொடுக்கத் தொடங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் உபரி என்று கணக்காகும், ஒரு டீச்சர் போய்விடுவார், மிச்சமிருக்கும் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் டிசி கேட்பார்கள். இது ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் விஷயம். ஒரே காரணத்தை எழுதி முடித்துவிடாதீர்கள்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். பல ஊர்களில் ஊர்த்தெருவில் ஒன்றியப் பள்ளி, காலனியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும். அவ்வளவு சின்ன ஊருக்கு இரண்டு எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்பார். பதில் உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதை எழுதாவிட்டால் உங்கள் வரலாறு பாதிதான். ஆனால் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியைப் பெயரோடு சேர்த்து அச்சிடவே கூடாது.

பதிவேடு தொடங்கும் முன்பே பள்ளி இருந்திருக்கலாம். அதற்கு ரப்பர் ஸ்டாம்புகள் கைகொடுக்கும். அப்போது பள்ளிகளை நடத்திய ஜில்லா போர்டின் முத்திரை இருந்தால் ஏறக்குறைய 1960 வரைக்குமான காலம். எங்கள் கிழவர்கள் இப்போதும் ‘போர்டு ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள். பிறகு பஞ்சாயத்து யூனியன். 1981 ஜூனில் யூனியன் ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். அந்தக் காலத்து ஆசிரியர் யாரைக் கேட்டாலும் அந்தத் தேதியைச் சொல்வார். 1989இல் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தேதியில்லாத காகிதம் கிடைத்தால் தலைப்பில் மாவட்டப் பெயரைப் பாருங்கள், ஏறக்குறைய காலம் தெரிந்துவிடும். அரக்கோணம் பக்கத்துப் பள்ளியென்றால் பழைய கோப்பு வேலூரில் இருக்கிறதா, ராணிப்பேட்டைக்குப் போய்விட்டதா என்று இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வட ஆற்காடு கையேட்டில் உங்கள் கிராமத்தில் பள்ளி இருந்ததாகப் போட்டிருக்கிறதா என்று அதையும் பார்த்துவிடுங்கள்.

மிஷன் பள்ளியாக இருந்தால் வழி வேறு. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இலிருந்து இங்கே இருக்கிறது, அதன் ஆண்டறிக்கைகளில் சின்ன கிராமப் பள்ளிகள்கூட வரும். தனி ஆள் நடத்திய நிதியுதவிப் பள்ளியென்றால் தாளாளர் குடும்பத்தைப் பிடியுங்கள். இடம் யாருடையது என்பதற்குக் கிராம அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) சர்வே எண்ணைப் பாருங்கள். நிலம் கொடுத்தது எங்கள் தாத்தா என்று இரண்டு குடும்பம் சொல்லும். பத்திரம் பார்க்காமல் எவர் பெயரையும் போடாதீர்கள்.

இப்போது பெரியவர்களிடம் போகலாம். பள்ளி எப்போது தொடங்கியது என்று கேட்டால் ‘அது ரொம்ப காலம்’ என்றுதான் வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். காமராஜர் காலத்துப் பகலுணவா, 60களில் கேர் (CARE) என்ற அமெரிக்க உதவி நிறுவனம் கொடுத்த கோதுமையும் பால் பவுடருமா, 1982க்குப் பிறகு எம்.ஜி.ஆர். சத்துணவா? அதிலேயே காலம் வந்துவிடும். குரூப் போட்டோ வைத்திருந்தால் செல்போனில் படமெடுத்து, யார் யார் என்று அவர் சொல்வதைப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மூடிய தேதிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேள்வியை மட்டும் பார்த்துக் கேளுங்கள். ‘பள்ளி எப்போது மூடப்பட்டது’ என்று கேட்டால் ‘மூடப்படவில்லை’ என்று பதில் வரக்கூடும். காகிதத்தில் அது பல நேரம் ‘தற்காலிகமாக’ நிற்கும். 2019இல் பிள்ளைகளே இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக்குவதாக அரசு சொன்னபோதும் தற்காலிகமாகத்தான் என்றார்கள். அதனால் எந்தக் கல்வியாண்டு முதல் மாணவர் எண்ணிக்கை பூஜ்யம், கடைசி ஆசிரியர் பணியிடம் எந்த உத்தரவின்படி எங்கே மாற்றப்பட்டது, பதிவேடுகள் யார் பொறுப்பில் உள்ளன என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாணவர் பெயர் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

எழுதும்போது பள்ளி தொடங்கியவரைப் புகழ்ந்தே பத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணி அடித்த ஆயாவும், வாத்தியார் வராத நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சத்துணவு அமைப்பாளரும் பெரும்பாலும் எந்த வரலாற்றிலும் வருவதில்லை.

அச்சுக்குப் பெரிய செலவு வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டால் போதும். ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு, ஒன்று பி.இ.ஓ. அலுவலகத்துக்கு, ஒன்று இணைத்த பள்ளிக்கு. பள்ளியில் கொடுக்கும்போது இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, எந்தப் பக்கம், எந்த வரிசை எண் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஏற்றாமல் பீரோ மேல் வைத்தால் அடுத்த ஹெச்.எம். பொறுப்பேற்கும்போது பழைய பேப்பரோடு போய்விடும்.