ஒரே கிருமியா, வேறு வேறா? வார்டில் பரவும் தொற்றை மரபணு வரிசையால் துருவுவது எப்படி

இரண்டு வாரத்துக்குள் ஒரே வார்டில் மூன்று பேருக்கு க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்று வந்துவிட்டது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, தனித்தனியாக வந்ததா? எந்தெந்த மருந்துக்கு மசியவில்லை என்ற பட்டியல் மூவருக்கும் ஒன்றாக இருப்பதால் மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. உறவே இல்லாத இரு கிருமிகளும் அதே பட்டியலைக் காட்டும்.

சந்தேகம் எழும் நேரத்தில் முதல் நோயாளியின் கிருமியை வளர்த்த பிளேட் பெரும்பாலும் குப்பைக்குப் போயிருக்கும். அதனால் முக்கியமான வளர்ப்புகளை 15 முதல் 20 சதவீத கிளிசராலில், மைனஸ் 80 டிகிரியில் சேமிப்பதை முன்கூட்டியே வழக்கமாக்குங்கள். டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்க (வரிசைப்படுத்த) அனுப்பும்போது, அதே காலத்தில் வேறு வார்டுகளில் கிடைத்த தொடர்பில்லாத வளர்ப்புகள் ஐந்தாறையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பிட ஆளில்லாவிட்டால் 10 எழுத்து வேறுபாடு என்பது குறைவா அதிகமா என்று சொல்ல வழியில்லை.

தனிக் காலனி ஒன்றை எடுத்து, மறுபடி கோடிட்டு வளர்த்து, பிறகு டிஎன்ஏ பிரியுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸின் தடித்த சுவர் சுவரை உடைக்கும் சாதாரண நொதியான லைசோசைமுக்கு உடையாது, லைசோஸ்டாஃபின் என்ற நொதி வேண்டும். டிஎன்ஏ அளவைக் கியூபிட்டில் (ஒளிரும் சாயத்தால் டிஎன்ஏவை மட்டும் அளக்கும் கருவி) பாருங்கள். ஒளி உறிஞ்சுதலை மட்டும் நம்பினால் கலந்திருக்கும் ஆர்என்ஏவும் டிஎன்ஏ கணக்கில் ஏறிவிடும்.

எவ்வளவு தரவு வேண்டும்? க்ளெப்சியெல்லா மரபணுத் தொகுதி சுமார் 55 லட்சம் எழுத்து. 50 மடங்கு ஆழத்துக்கு, அதாவது ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 50 முறை படிக்கப்பட, 27.5 கோடி எழுத்து. 150 எழுத்து இரட்டை வாசிப்பில் (துண்டின் இரு முனையிலிருந்தும் 150 எழுத்து) அது ஏறக்குறைய 9.2 லட்சம் ஜோடி. தரவு வந்ததும், எந்த இனத்தின் டிஎன்ஏ என்று பிரித்துச் சொல்லும் கிராக்கன் மென்பொருளில் ஓட்டி வேற்று இனக் கலப்பைப் பாருங்கள். படித்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்த தொகுப்பின் மொத்த நீளம் 55 லட்சத்துக்குப் பதில் 90 லட்சம் என்றால் இரண்டு கிருமி கலந்திருக்கிறது. சரிசெய்ய முயலாமல் காலனியிலிருந்து மறுபடி தொடங்குவதே மேல்.

ஒற்றை எழுத்து வேறுபாடுகளை எண்ண ஸ்னிப்பி என்ற மென்பொருள் போதும். அதில் ஒப்பிட அடிப்படையாக வைக்கும் மேற்கோள் மரபணுத் தொகுதி, உங்கள் கிருமியின் அதே வரிசை வகையை (ஒரே இனத்துக்குள் நெருங்கிய உட்பிரிவு) சேர்ந்ததாக இருக்கட்டும். தூரத்து மேற்கோளில் பாதிப் பகுதி பொருந்தாமல் விழும். உண்மையான வேறுபாடுகளும் கூடவே போய்விடும். தரம் குறைந்த ஒரு மாதிரியும் இதே வேலையைச் செய்யும்: எல்லாருக்கும் பொதுவான பகுதி சுருங்கி, உறவில்லாதவர்களும் நெருங்கியவர்கள் போலத் தெரிவார்கள். வேறு கிருமியிடமிருந்து துண்டாக வந்து ஒட்டிக்கொண்ட பகுதிகளை கப்பின்ஸ் மென்பொருளால் நீக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே நிகழ்வு நூறு வேறுபாடாகக் கணக்கில் வரும்.

எண்ணிக்கை கையில் வந்ததும் "எத்தனைக்குள் இருந்தால் பரவல்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எல்லாக் கிருமிக்கும் பொருந்தும் ஒரே வரம்பு கிடையாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 எழுத்து மாறும். ஆறு மாதம் முன்பு பிரிந்த இரு கிளைகளில் தலைக்கு 4 மாறியிருக்கும், இடைவெளி 8. காசநோய்க் கிருமியோ ஆண்டுக்கு அரை எழுத்துதான் மாறும்; அங்கே 8 என்பது பெரிய தூரம். நூற்றுக்கணக்கில் வேறுபட்டால் அண்மைய பரவல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். நெருங்கியிருந்தால், யார் எந்தப் படுக்கையில் எந்த நாளில் இருந்தார், எந்தக் கருவி யாருக்குப் போனது என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

யாரிடமிருந்து யாருக்கு என்பது இன்னும் சிக்கல். ஒருவர் உடலுக்குள்ளேயே கிருமி பல கிளையாகப் பிரிந்திருக்கும். 2011இல் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் மருத்துவமனையில் 18 பேரிடம் பரவிய க்ளெப்சியெல்லா, ஒரே நோயாளியிடமிருந்து மூன்று தனித்தனி வழியில் கிளம்பியிருந்தது. அடுத்த நோயாளி வெளிப்பட்டபோது அவர் வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆகவே ஒருவரின் தொண்டை, சிறுநீர், மலம் என வெவ்வேறு இடத்திலிருந்து சில காலனிகளை எடுப்பது வீண் செலவல்ல.

கிருமிகள் வேறு, ஆனால் கார்பபெனிமேஸ் (கார்பபெனம் வகை ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கும் நொதி) மரபணு ஒன்றே என்றால் கோப்பை மூடிவிடாதீர்கள். அந்த மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (கிருமிகளுக்குள் கைமாறும் சிறு டிஎன்ஏ வளையம்) இனம் விட்டு இனம் தாவியிருக்கலாம். குறுவாசிப்பில் பிளாஸ்மிட் துண்டுகளாகவே கிடைக்கும். சில மாதிரிகளை, நீளத் துண்டுகளை ஒரே மூச்சில் படிக்கும் நானோபோர் நெடுவாசிப்பில் ஓட்டி முழு வளையமாக ஒப்பிடுங்கள். சிங்க் வடிகாலின் வளைகுழாயையும் அப்போது ஸ்வாப் எடுங்கள். பல இனங்கள் ஒன்றாகப் படிந்து பிளாஸ்மிட் கைமாற்றிக்கொள்ளும் இடம் அது.