வீடு கட்டும் தொண்டுக்குப் போகிறீர்களா? முதலில் டியூப் மட்டம் பிடிக்கப் பழகுங்கள்

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் தொண்டுக்கு முதன்முறை போகிறவர்கள் எல்லோருக்கும் கரணையைக் கையில் எடுத்துக் கல் அடுக்கத்தான் ஆசை. முதல் நாளே அதற்கு அவசரப்படாதீர்கள். நீங்கள் அடுக்கியதைக் கொத்தனார் மாலையில் பிரித்துத் திரும்பக் கட்டுவார். அவருக்கு இரட்டை வேலை. பழகாத கை உண்மையில் உதவுவது அளப்பதிலும் பிடிப்பதிலும் எடுத்துக் கொடுப்பதிலும்தான்.

படி 1: சேருவது

இந்தத் தொண்டில் பலரும் அறிந்த ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டியை 1976இல் மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கினார்கள். 1984இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதன் கட்டுமானப் பணியில் இறங்கிய பிறகு அதன் பெயர் இன்னும் பரவியது. எந்த அமைப்பில் சேர்ந்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். தளத்தில் பொறுப்பான மேஸ்திரி உண்டா? குடியேறப் போகும் குடும்பமும் வேலையில் சேர்கிறதா? ஹேபிடட் முறையில் அந்தக் குடும்பத்தின் உழைப்பும் கணக்கில் வரும். வீட்டுக்கடனையும் அவர்களே அடைக்கிறார்கள். ஆகவே தானம் செய்ய வந்தவரைப் போல நடந்துகொள்ளாதீர்கள். அங்கே வீட்டுக்காரர் அவர்கள், நீங்கள் கைவேலைக்கு வந்தவர்.

படி 2: உடை

மூடிய காலணி, முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை. துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். ஈரச் சிமெண்ட் கடும் காரத்தன்மை உள்ளது. நனைந்த துணி அதைத் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். எரிச்சல் உடனே தெரியாது, வீட்டுக்குப் போன பிறகுதான் புண் தெரியும்.

படி 3: மூலை பார்ப்பது

மூலையில் சந்திக்கும் இரு கயிறுகளில், மூலையிலிருந்து ஒன்றில் 3 மீட்டர், மற்றதில் 4 மீட்டர் குறித்துக்கொள்ளுங்கள். இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 மீட்டர் இருந்தால் மூலை செங்கோணம். 30, 40, 50 சென்டிமீட்டர் என்று சுருக்கிப் பார்க்காதீர்கள். அளவு சிறுத்தால் பிழை பெருகும். நான்கு மூலைகளும் முடிந்ததும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் வர வேண்டும்.

படி 4: டியூப் மட்டம்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரண்டு இடங்களில் ஒரே உயரத்தைக் குறிக்க உதவுவது இது. உள்ளே தண்ணீர் நிறைந்த ஒளி ஊடுருவும் நீளக் குழாய், அவ்வளவுதான் கருவி. லேசர் மட்டம் இருந்தாலும் நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன். பேட்டரி வேண்டாம், சுவரின் மறுபக்கத்துக்கும் மட்டம் கடத்தலாம்.

வாளியை உயரத்தில் வைத்து, குழாயின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனை வழியாகத் தண்ணீர் ஓடவிட்டு நிரப்புங்கள். குழாயை முழு நீளத்துக்கும் விரலால் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது ஒரு குமிழி தங்கினாலும் மட்டம் பொய் சொல்லும். பிறகு இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால்தான் கிளம்பலாம்.

இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடக்கும்போது அதைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். அளக்கும்போது இருவருமே விரலை எடுக்க வேண்டும். ஒருவர் மறந்தால் தண்ணீர் நகராது. ஆடாமல் நிற்பதைப் பார்த்து மட்டம் கிடைத்துவிட்டது என்று நம்பிக் கோடு போட்டுவிடுவார்கள். தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்து, அதன் வளைவின் அடிப்பகுதியைப் பார்த்துக் குறியுங்கள்.

முதல் வரி மட்டம் தவறினால் அடுத்தடுத்த வரிகளில் சாந்தைத் தடிமனாக்கிச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஜன்னல் வைக்கும்போது அதுவும் பலிக்காது.

படி 5: கலவையும் சுவரை நனைப்பதும்

கலவை போடுவதைத் தளத்திலேயே காட்டுவார்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைக்காதீர்கள், அதற்குப் பலம் இருக்காது. கட்டிய சுவரைக் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். புகைப்படத்துக்கு ஆகாத வேலை என்பதால் இதற்கு ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் பெயர் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த ஒருவருக்குக் குமிழி இல்லாமலேயே மட்டம் மாறி மாறி வந்திருக்கிறது. குழாயின் பாதி கடும் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்திருக்கிறது. சூடான தண்ணீரின் அடர்த்தி குறைவு என்பதால் அந்தப் பக்கம் சற்று உயர்ந்து நிற்கும். காலையிலேயே, வெயில் ஏறும் முன் மட்டம் பாருங்கள். முடியாவிட்டால் குழாயை முழுவதும் நிழலில் போட்டுவைத்துவிட்டு அளவெடுங்கள்.