மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்படி? மேல்தள வீட்டின் ராத்திரி வெக்கைக்கு ஒரு வழி

கத்திரி வெயில் நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டால் மேலிருந்து அனல்தான் இறங்கும். மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வேலூரில் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அம்மா ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு வெறுந்தரையில் படுப்பார். விடிகாலை நாலு மணிக்கு மேல்தான் கண் அசருவார். ஒருநாள் ஸ்டூலில் ஏறி உள்கூரையில் கை வைத்துப் பார்த்தேன். மணி பதினொன்று ஆகியும் அது சுட்டது. அன்றைக்குத்தான் மாடியைக் கவனிக்க வேண்டும் என்று புரிந்தது.

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல வீட்டுக்குள் இறக்குகிறது. பழைய சாம்பல் நிறத் தளம் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புதிதாக வெள்ளையடித்த தளம் 70 சதவீதம் வரை திருப்பிவிடும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். கூரையின் கனத்தையும் வீட்டின் காற்றோட்டத்தையும் பொறுத்து இது மாறும். பகல் வெயிலில் களைத்த உடம்பு ராத்திரியில்தான் தேறுகிறது. வயதானவர்களுக்கு இந்த இரண்டு டிகிரியே பெரிது.

2010 மே மாத வெப்ப அலையில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013இல் வெப்பத்துக்கென்றே செயல்திட்டம் வகுத்தது. பிறகு 2017இல் குடிசைப்பகுதி வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் இப்படி வெயிலைத் திருப்பிவிடும் குளிர்கூரைக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2024 முதல் வெப்ப அலை மாநிலப் பேரிடர். அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. நம் தலைக்கு மேல் இருப்பதை நாமே செய்துகொள்ளலாம்.

1. தளத்தைச் சுத்தம் செய்யுங்கள்

மாசி, பங்குனியில் செய்தால் நல்லது. பாசியையும் உதிரும் பழைய பூச்சையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவிடுங்கள். வெடிப்பு இருந்தால் முதலில் அதை அடையுங்கள். ஒழுகும் தளத்தைச் சுண்ணாம்பு காப்பாற்றாது. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் பாருங்கள். வாட்டம் சரியில்லாத இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது.

2. சுண்ணாம்பை நீற்றுங்கள்

கடையில் கேட்டு வாங்குங்கள்: தண்ணீர் சேர்த்து நீற்றாத கட்டியா, ஏற்கெனவே நீற்றிய தூளா? தூள் என்றால் தண்ணீரில் கரைத்தால் போதும். கட்டி என்றால் கவனம் வேண்டும். தண்ணீர் பட்டதும் அது கொதித்துப் பொங்கும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். குழந்தைகளை மாடிக்கே விடாதீர்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு, உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். ஒரு நாள் முழுக்க ஊறட்டும். மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வெள்ளையடிக்கக் கலக்கும் பெவிகாலை அதன் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குச் சேருங்கள். இந்தப் பசை இல்லாவிட்டால் நடக்கும்போது காலில் வெள்ளை ஒட்டும். முதலில் ஐந்து கிலோ மட்டும் கரைத்து அடித்துப் பாருங்கள். எவ்வளவு இடம் வருகிறது என்று தெரிந்ததும் மிச்சத்தை வாங்கலாம்.

3. மெல்லிசாக மூன்று தடவை அடியுங்கள்

முதல் தடவை நான் தப்புப் பண்ணினது இங்கேதான். தோசை மாவு பதத்தில் கரைத்து, காலை பதினோரு மணிக்குச் சுடுகிற தளத்தில் அப்பினேன். ஒரே வாரத்தில் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாக இறுகுகிறது. அதற்குக் கொஞ்ச நேரம் ஈரம் வேண்டும். சுடுகிற தளத்தில் ஈரம் உடனே ஓடிவிடும்.

அதனால் வெயில் தாழ்ந்த பிறகு, தளத்தில் தண்ணீர் தெளித்து, தேங்காமல் ஈரமாக மட்டும் இருக்கும்போது அடியுங்கள். கரைசல் பால் பதத்தில் இருக்கட்டும். அடிக்கும்போது கலங்கல் தண்ணீர் மாதிரிதான் தெரியும், தளத்தின் சாம்பல் நிறம் மறையவே மறையாது. பயந்து இன்னொரு கை அப்பாதீர்கள். காயக் காய அது வெளுத்துக்கொண்டே வரும். மறுநாள் சாயங்காலம் முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாவது, அதற்கு மறுநாள் மூன்றாவது. கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

மூலையில் ஒரு முழத்துக்கு அடிக்காமல் விட்டுவையுங்கள். நடுப்பகலில் வெள்ளையில் ஒரு கால், அந்த மூலையில் ஒரு கால் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். வெள்ளைத் தளம் கண்ணைக் கூசும். துணி காயப்போடப் போகும்போது தொப்பியோ குளிர்கண்ணாடியோ போட்டுக்கொள்ளுங்கள்.

4. வெக்கையை உள்ளே விடாதீர்கள்

வெளியே உள்ளதைவிட வீடு குளிர்ந்திருக்கும் வரை ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஈரச் சாக்கு தொங்கவிடுவது வேலூர், திருச்சி மாதிரி வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். சென்னையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

சரி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு என்றால்? மேலே ஏறாதீர்கள், உடைந்துவிடும். காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சுரண்டவும் வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பலகை போட்டு வேலை செய்யத் தெரிந்த ஆளை வைத்துத்தான் வெள்ளையடிக்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் பேசுங்கள். ஏசி மாட்டும் செலவில் இது மிகச் சிறிய பங்குதான்.

இவ்வளவு செய்தும் வீட்டில் யாராவது வெயிலில் குழம்பிப் பேசினாலோ, மயங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ அது உயிருக்கே ஆபத்தான வெப்பவாதமாக இருக்கலாம். 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு கொஞ்சம் கரையும். மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ விடுபவர்கள் முதல் சில மழையை வெளியே விட்டுவிடுங்கள். அடுத்த மாசியில் ஒரு பூச்சோ இரண்டோ அடித்தால் போதும். மிஞ்சிய சுண்ணாம்பை வாளியில் போட்டு, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி இறுக்கி மூடி வையுங்கள். பசை கலக்காத சுண்ணாம்பு என்றால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.